பட்டாசுக்கு முதுகு காட்டியவர்

பூனாவில் கோந்த்வா வீட்டுக்குக் குடிவந்த முதல் தீபாவளிக்கு நான் எடுத்த வீடியோ ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. நாற்பது விநாடிதான் ஓடும். முன்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் பின்னந்தலைகள். அவர்களுக்கு அப்பால், வண்டிகளை எல்லாம் வெளியே தள்ளிக் காலியாக்கிய சிமென்ட் தரையில், ஒரு புஸ்வாணம் சீறிக்கொண்டு இரண்டாம் மாடி உயரத்துக்கு எழுகிறது. என் வாழ்நாளிலேயே நன்றாக வந்திருக்க வேண்டிய வீடியோ. வரவில்லை. புஸ்வாணத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர், புஸ்வாணத்துக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு கைகளையும் விரித்து, நேராக என் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறார். பொறி எல்லாம் அவர் தலைக்குப் பின்னாலிருந்து வருவதால், சாமி படத்தில் போடுகிற ஒளிவட்டம் போல இருக்கிறது. முகத்தில் மட்டும் சாமிக்களை கிடையாது. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வரிசையைக் கட்டி மேய்க்கிற வாத்தியாரின் முகம்.

"சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வீடியோ எடுக்கறேன்" என்று நான் கத்துவது அதில் பதிவாகியிருக்கிறது. அவர் நகரவில்லை. "மாகே, மாகே" என்று பிள்ளைகளைப் பின்னால் போகச் சொல்லி மராத்தியில் விரட்டிவிட்டு, "நீயுந்தான் தம்பி, போனோட ரெண்டடி மாகே" என்று எனக்குத் தமிழில் ஒன்று வைக்கிறார். அதோடு வீடியோ முடிகிறது.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் உல்டா அங்கிள். எல்லாரும் ஒரு பக்கம் பார்த்தால் அவர் மறுபக்கம் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். அதைக் காதாரக் கேட்டும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம்; இவர் இங்கே பூனாவிலேயே கட்கியில் பிறந்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தமிழில் ஆற்காடு பாதி, பூனா பாதி. நான் ஊருக்கு வெளியே சாகணில் வண்டி செய்கிற ஆலையில் வேலை பார்க்கிற கோயமுத்தூர்க்காரன். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் தமிழைக் கேட்டால் எனக்கு. அந்தக் கணக்கில் ஒருவருக்கொருவர் பாக்கி இல்லாமல்தான் பழகினோம்.

பட்டாசு மட்டும் என்றில்லை. அவர் எதையுமே பார்த்து நான் பார்த்ததில்லை. கணபதி ஊர்வலம் எங்கள் தெரு முனையில் திரும்பும். டோல் மேளம் அடிக்கிற அடியில் காது கிழியும். ஊரே பிள்ளையாரைப் பார்த்துக் கையெடுக்கும்போது, இவர் பிள்ளையாருக்கு முதுகைக் காட்டி, நடைபாதை விளிம்பில் நிற்கிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறை, "ஏன் சார், சாமிக்காவது திரும்பக் கூடாதா?" என்று கேட்டேன். "சாமி நம்மளப் பாக்க வந்துக்கிறாரு தம்பி. அவரு பாக்குற பக்கந்தானே நானும் பாக்குறேன்" என்றார்.

கட்டடத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம், மண்டபமே எழுந்து நின்று மேடையைப் பார்க்கிறது. பிறகு ஆல்பம் வந்தது. மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்ததில் எல்லாருடைய முகமும் தெரிகிறது, அவருடைய பின்மண்டை தெரிகிறது. முன்னாலிருந்து எடுத்ததில் எல்லாருடைய பின்மண்டையும் தெரிகிறது, அவருடைய முகம் தெரிகிறது. "தாலி கட்டினப்ப எங்க பார்த்துட்டு இருந்தீங்க?" என்றேன். "ரெண்டாவது வரிசையில ஒரு கெழவி நாற்காலி மேல ஏறிட்டா, அதப் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். கிழவி விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால் பிடிக்க இவர் இருந்தார் என்பதை மறுக்க முடியாது.

வீட்டில் எப்படி என்று அவர் மனைவியைக் கேட்டேன். அந்த அம்மாளுக்கு இவரைப் பற்றிப் பேசுவதென்றால் பண்டிகைப் பலகாரம் சாப்பிடுகிற மாதிரி.

"டீவி ஓடிக்கினே இருக்கும் தம்பி. இவரு சோபாவுல எம்பக்கம் திரும்பி உக்காந்துக்கினு என் மூஞ்சியவே பாப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல அடேயப்பா, நம்ம மேல இவ்ளோ ஆசையான்னு நெனச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, இவரு அப்பிடித்தான் படம் பாக்குறாருன்னு. சீரியல்ல யாரு செத்தாங்கன்னு என் மூஞ்சியப் பாத்தே சொல்டுவாரு."

"சரியாச் சொல்லுவாரா?"

"மாமியா செத்தா மட்டும் தப்பாச் சொல்டுவாரு" என்றார். அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நாள் டீ குடிக்கும்போது நானே பிடுங்கித் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் செய்கிற குண்டுகளில் சிலவற்றை எடுத்து, வெட்டவெளியில் சுட்டுப் பார்ப்பார்கள். அப்போது கூட இருக்கிற ஆட்களைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, ஒருவனும் தலையை நீட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. கையில் சிவப்புக் கொடி. குண்டு போகிற திசைக்கு முதுகு, ஆட்கள் நிற்கிற திசைக்கு முகம். முப்பத்தொரு வருடம்.

"அப்ப ஒரு குண்டு வெடிச்சுக்கூட நீங்க பார்த்ததில்லையா?"

"சத்தம் கேட்டுக்கிறேன்."

"பார்க்கணும்னு தோணினதே இல்லையா?"

"தோணும். எல்லாருக்குந்தான் தோணும். அதுக்குத்தானே என்ன அங்க நிக்க வெச்சான்" என்று டீயை ஊதினார். "வெடிக்கிறது அதோட வேல தம்பி. அது ஒழுங்காச் செஞ்சிடும். நிக்கிறதுதான் மனுசனுக்கு வராது."

எங்கள் கட்டடத்துத் தீபாவளி இவர் கைக்கு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு, ரங்கோலி மாவு டப்பாவோடு வந்து, தரையில் சுவருக்குச் சுவர் ஒரே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். மற்ற வீட்டுப் பெண்கள் மயிலும் தாமரையும் போட்டிருப்பார்கள். நடுவில் இவருடைய கோடு ரயில் தண்டவாளம் மாதிரி கிடக்கும். பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால். பற்ற வைப்பது ஒரே ஆள், மேல்மாடியில் இருக்கும் மராத்திக்காரர். ஒன்று முழுக்க அணைந்த பிறகுதான் இன்னொன்று. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். பக்கத்துக் கட்டடத்தில் சரவெடியைச் சுருள் சுருளாகக் கொளுத்தித் தள்ளுவார்கள். எங்களுக்கு ஒரு பெட்டி புஸ்வாணம் தீர ஒன்றரை மணி நேரம் ஆகும். "எங்க ஆபீசுல ஒரு வண்டியே செஞ்சு வெளிய அனுப்பிருப்போம் சார்" என்பேன். "பிரேக் போட்டு அனுப்புனீங்களா?" என்பார்.

பூனாவில் தீபாவளிக்குப் பிள்ளைகள் மண்ணைக் குழைத்துச் சின்னதாக ஒரு கோட்டை கட்டுவார்கள். கில்லா என்பார்கள். மேலே பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி வைப்பார்கள். எல்லாச் சிப்பாயும் எதிரி வருகிற வெளிப்பக்கம் பார்த்து நிற்பான். எங்கள் பிள்ளைகளின் கோட்டையில் ஒவ்வொரு வருடமும் ஒரு சிப்பாய் மட்டும் எப்படியோ உள்பக்கம் திரும்பியிருப்பான். பிள்ளைகள் நேராக வைப்பார்கள். மறுநாள் காலையில் மறுபடி திரும்பியிருப்பான். யார் வேலை என்று கட்டடம் முழுக்கத் தெரியும்.

அந்த முதல் தீபாவளியிலேயே எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தது. என் மகள் இனியாவுக்கு அப்போது நாலு வயது. கோயமுத்தூரிலிருந்து அவள் பாட்டி எடுத்தனுப்பிய அரக்குப் பட்டுப்பாவாடை. கம்பி மத்தாப்பைக் கையில் கொடுத்து, நான் போட்டோ எடுக்கத் தோதாக அவளைத் திருப்பித் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று உல்டா அங்கிள் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, ஒரு வாளித் தண்ணீரை அவள் இடுப்பிலிருந்து கீழே ஊற்றினார். குழந்தை வீறிட்டது. பட்டுப்பாவாடை சாயம் இறங்கி, கால் வழியாக ஓடியது. தீயும் இல்லை, புகையும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

"பொறி உள்ள போச்சு" என்றார் அவர். அவ்வளவுதான் விளக்கம்.

என் மனைவி கவிதா வீட்டுக்குள் வந்ததும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, அந்த மனுசனுக்குக் கண்ணு என்ன பூதக்கண்ணாடியா? நாலு வயசுப் புள்ளயப் போயி எரும கழுவற மாதிரி கழுவி உட்டுட்டாரு. நீங்களும் பாத்துட்டு நிக்கறீங்க." நான் போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியோடு அவர் பாய்கிற படம் ஒன்று மட்டும் மிகத் தெளிவாக வந்திருந்தது. அதைக் காட்டினால் இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்று காட்டவில்லை.

ஆறு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை கவிதா. சித்திரையில் பெட்டியை ஒழிக்கும்போது அந்தப் பாவாடையை எடுத்து உதறினாள். உள்ளே தைத்த துணியில் கடுகளவு ஓட்டை. சுற்றிலும் கருகல். மேலே பட்டில் ஒன்றும் தெரியாது. உள்ளே நைலான் துணி, பிடித்திருந்தால் நொடியில் பிடித்திருக்கும். அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு என் கண் முழுக்கப் போனில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை அவள். ஒரு டப்பா நிறைய முறுக்குச் சுட்டு இனியாவிடம் கொடுத்தனுப்பினாள். டப்பாவைத் திருப்பித் தர அவரே வந்தார். "பாவாடைக்கா?" என்றார். "ஆமாங்க" என்றாள். விஷயம் முடிந்தது.

பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ராக்கெட் மேலே போய் விரியும். அவர் முதுகைக் காட்டி நிற்பார். பிள்ளைகள் ஒரே குரலில், "அங்கிள், கோன்ஸா கலர்?" என்று கேட்பார்கள். அவர் திரும்பாமலே, "பச்சை. நுனியில கொஞ்சம் வெள்ளை" என்பார். சரியாக இருக்கும். அடுத்தது, "செவப்பு." சரியாக இருக்கும். அவர் தலைமுடிக்குள் ஒரு கண் ஒளிந்திருப்பதாக இனியா நிச்சயமாக நம்பினாள். ஒரு நாள் அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "தூங்குது போல" என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துச் சோதித்தேன். அப்போதும் சரியாகத்தான் சொன்னார்.

பத்துக்கு ஒன்று, "பாக்கல" என்பார். அப்போது நான் விடமாட்டேன். "என்ன சார், மந்திரம் தீர்ந்து போச்சா? பின்கண்ணு இமை மூடிக்கிச்சா?" என்று பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டுவேன். அவரும் சிரித்துக்கொள்வார். ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்டதே இல்லை.

அவருக்கென்று ஒரு தீபாவளிச் சட்டை இருந்தது, அந்த வெள்ளை அரைக்கைச் சட்டை. முன்னால் பார்த்தால் புதுச் சட்டை. முதுகுப் பக்கம் சல்லடை. பல வருடத்துப் பொறி ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை போட்டிருந்தது. "ஒரு புதுச் சட்டை வாங்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "முன்பக்கம் நல்லாத்தானே கீது, உங்களுக்குத் தெரியிறது அதுதானே" என்றார். அவரும் அவர் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள். அந்தச் சட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. அது என்னிடம் வந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

நான்காவது தீபாவளிக்கு முன், மழைக்காலத்திலிருந்தே அவரிடம் சின்னச் சின்ன மாற்றங்கள். படியில் கிடக்கும் சைக்கிளில் கால் இடிப்பார். டீக் கோப்பையை இடது கைப் பக்கம் நீட்டினால் கவனிக்க மாட்டார். ஒரு நாள் கேட்டின் கம்பியில் தோளை இடித்துக்கொண்டு நின்றார். "என்ன சார், கேட்டுக்கு முதுகு காட்ட மறந்துட்டீங்களா?" என்றேன். "கண்ணாடி மாத்தணும் தம்பி" என்றார். அப்போது அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் என் நகைச்சுவையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

லட்சுமி பூஜை சாயங்காலம். எங்களுக்குத் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு முடிந்துவிடும். பூனாவுக்கு அன்று சாயங்காலம்தான் பெரிய கொண்டாட்டம். கோடு போட்டாயிற்று. வாளிகள் வந்தாயிற்று. மேல்மாடிக்காரர் ஒரு தரைச்சக்கரத்தைப் பற்ற வைத்தார். அது சுற்றிக்கொண்டே நகர்ந்து நகர்ந்து, உல்டா அங்கிளுக்கு இடப்பக்கமாகக் கோட்டின் கோடிக்கு வந்தது. அங்கே நின்றவள் இரண்டாம் மாடியிலிருக்கும் மூன்று வயதுக் குட்டி. எல்லாருக்கும் அவள் சோட்டி. அந்த வெளிச்சத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பாள் போல. கையை நீட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி நடந்தாள். இரண்டடி, மூன்றடி.

உல்டா அங்கிள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் நின்றார். "மாகே" என்ற சத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. இனியா ஓடிப்போய்ச் சோட்டியின் கவுனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். சக்கரம் அவள் நின்ற இடத்தின் மேல் ஏறிச் சுற்றி அணைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் இடது பக்கம் தலையைத் திருப்பினார்.

"எப்ப தாண்டுனா?" என்று இனியாவிடம் கேட்டார்.

"அப்பவே அங்கிள். உங்க சாம்னேதான் போனா."

"எம்முன்னாடியா?"

"ஆமா."

குனிந்து அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "போதும். இன்னிக்கி இவ்ளோதான்" என்று வாளியைக் கையில் எடுத்தார். ஏழேகால்கூட ஆகவில்லை. பிள்ளைகள் முனகினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ன சார், இன்னைக்கு முன்கண்ணும் தூங்கிடுச்சா?" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் நான் எதையும் கொடுப்பேன்.

மறுநாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து கவிதாவிடம் அழுதிருக்கிறார். கவிதா என்னிடம் வந்து சொன்னாள்.

"நேராப் பாத்தா நல்லாத் தெரியுதாமுங்க. ஓரமெல்லாம் போயிருச்சாம். மழைக்காலத்துலயே டாக்டர் சொல்லிட்டாரு. மருந்து ஊத்துனா மிச்சம் நிக்குமாம், போனது வராதாம். தீபாவளி முடியற வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லாதேன்னு அந்தம்மாகிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு." பிறகு, "ராத்திரி பூரா அந்தச் சின்னப்புள்ள பேரையே சொல்லிட்டு இருந்தாராம்" என்றாள்.

வெடிக்கிற எதையும் பார்க்காமல், ஓரங்களை மட்டுமே பார்த்து வாழ்ந்த மனிதருக்கு ஓரம் போய்விட்டது. கேலி செய்ய வாய் வராத செய்தி எனக்கு அவரைப் பற்றிக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அன்று பாடவா, லட்சுமி பூஜைக்கு மறுநாள் பூனாவில் கொண்டாடுவது. சாயங்காலம் பிள்ளைகள் பெட்டிகளோடு இறங்கிவிட்டார்கள். ஆறரை ஆயிற்று, ஏழும் ஆயிற்று. கோடு வரவில்லை. மேல்மாடிக்காரர் ஊதுபத்தியைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றார். கோடு இல்லாமல் கொளுத்த அவருக்கும் கை வரவில்லை. கடைசியில் பிள்ளைகள் கூட்டமாகப் போய்த் தரைத்தளக் கதவைத் தட்டினார்கள். நானும் பின்னால் போனேன்.

அவர் கதவைத் திறந்து, பனியனோடு நின்றார். "இன்னிக்கி நீங்களே பாத்துக்கங்க. அப்பா அம்மா கீறாங்க இல்ல" என்றார்.

"நீங்க வாங்க அங்கிள்" என்றாள் இனியா.

"நா வந்து இன்னா பண்றது?"

"பாக்கறதுக்கு வாங்க. ஒன்னே ஒன்னு. நீங்க ஒருவாட்டிகூட பாத்ததே இல்ல."

அவர் இனியாவைப் பார்த்தார். இப்படி ஒரு அழைப்பு அறுபத்து நாலு வருடத்தில் அவருக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். "நா பாத்தா, அங்க யாரு நிப்பா?" என்றார்.

"அப்பா" என்றாள், என்னைக் கேட்காமலே.

அவர் கண் என்னிடம் வந்தது. ஆலைக்கு வேலை கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி தலை முதல் கால் வரை பார்த்தார்.

"இன்னா தம்பி, நிப்பியா?"

"நிக்கறேன் சார்."

"போன எடுப்பியா?"

"எடுக்க மாட்டேன்." போனை அங்கேயே கவிதாவிடம் கொடுத்தேன்.

"சத்தம் கேட்டாத் திரும்புவியா?"

"மாட்டேன் சார்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவான்" என்றார். ஆனாலும் உள்ளே போய் மாவு டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பின்னாலேயே அவர் மனைவி அந்தச் சல்லடைச் சட்டையோடு வந்தார். "இதப் போட்டுக்கோ தம்பி. உன் புதுச் சட்ட வீணாப் பூடும்." போட்டுக்கொண்டேன். தோள் தொங்கியது. பிள்ளைகள் சுற்றி வந்து முதுகில் ஓட்டை எண்ணினார்கள்.

நான் போட்ட கோடு நேராக வரவில்லை. "கோயமுத்தூர் ரோடா இது?" என்று கேட்டுவிட்டு, அவர் கோட்டுக்குப் பின்னால், இனியாவுக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் போய் நின்றார். செருப்பு நுனி கோட்டுக்கு ஒரு விரல் பின்னால். சோட்டி வலது கோடியில். நான் அவர்களைப் பார்த்து நின்று, கைகளை விரித்தேன். முதுகுக்குப் பின்னால் திரி பற்றிச் சீறும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் புஸ்வாணம் எழுந்ததும், எதிரே பதினைந்து முகங்களும் ஒரே நேரத்தில் பொன்னிறமாயின. ராக்கெட் போனது, வெள்ளைச் சட்டைகளிலும் இனியாவின் மூக்குக் கண்ணாடியிலும் பச்சை விழுந்தது. இந்த வெளிச்சத்தைத்தான் இவர் இத்தனை வருடமாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு ஜன்னலைத் திறந்து சோதனை நடத்தியிருக்கிறேன். எனக்கே என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது, உண்மை. பொறி ஒன்று தோளில் சுருக்கென்று விழுந்தது. திரும்பவில்லை.

இரண்டாவது ராக்கெட் வெடித்தபோது, முப்பத்தொரு வருடம் குண்டுச் சத்தத்தில் நின்றவர் துள்ளிக் குதித்து இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உல்டா அங்கிள் டர் கயா" என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயந்துதான் போயிருந்தார். "வெளிச்சம் முன்னாடி வருது, சத்தம் பின்னாடி வருது. எனக்கு யாரும் சொல்லலயே" என்றார். பிறகு, "இதுக்கா நாலு வருசமா இந்தக் கத்து கத்துனீங்க?" என்று ஒரு கேலி. ஆனால் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்தது போகும்போது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் ஓரத்தில் நீர். அது புகையாலும் இருக்கலாம். அவருக்கு மிச்சமிருக்கிற பார்வையின் நடுவில் சரியாக அந்த வெளிச்சம் விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி" என்றார், மேலே பார்த்தபடியே.

"சார்."

"என் மூஞ்சில ஒண்ணும் இல்ல. ஓரத்தப் பாரு."

பார்த்தேன். வலது கோடியில் சோட்டியின் ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. இன்னொரு கால் கிளம்பிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

"மாகே" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. சோட்டி நின்றாள். என்னை முறைத்தாள். ஒரு காலைப் பின்னால் வைத்தாள், பிறகு அடுத்த காலையும். அது கோட்டுக்கு அப்பால் போய்ச் சேரும் வரை நான் அந்தக் காலைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஏதோ பெரிதாக விரிந்து, பிள்ளைகள் எல்லாரும் ஹோவென்று கூவினார்கள்.

"அப்பா, கோன்ஸா கலர்?" என்று இனியா கேட்டாள்.

"பாக்கல" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தபடியே சிரித்தார்.